இடது இமை எழுதிய புத்தகம்

படம் தொடங்கி வெகுநேரத்துக்குத் திரையில் எதுவும் நேராகத் தெரிவதில்லை. மங்கலாக ஒரு முகம் குனிகிறது, விலகுகிறது. டாக்டர் கேள்வி கேட்கிறார். பதில் சொல்லும் குரல் நமக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. நோயாளியின் கண்ணுக்குள் நம்மைப் படுக்க வைத்துவிட்டார் இயக்குநர்.

ஜூலியன் ஷ்னாபெல் இயக்கிய ‘தி டைவிங் பெல் அண்ட் தி பட்டர்ஃப்ளை’ 2007-இல் வந்த பிரெஞ்சுப் படம். கதை நிஜம். ழான் டொமினிக் பாபி, பிரான்ஸின் ‘எல்’ பத்திரிகை ஆசிரியர். 1995 டிசம்பரில், 43 வயதில், பக்கவாதம் அவருடைய மூளைத்தண்டைத் தாக்கியது. கோமாவிலிருந்து மீண்டபோது நினைவு, அறிவு, கிண்டல், ஆசை எல்லாம் பத்திரமாக இருந்தன. பேச்சு போயிருந்தது. சொன்னபடி கேட்டது இடது கண்ணும் அதன் இமையும்தான். வலது கண் மூடாமல் காய்ந்துபோகும் என்று டாக்டர் அதைத் தைக்கிறார். ‘வேண்டாம்’ என்று உள்ளே பாபி கதறக் கதற, ஊசி இமையைக் கோத்து இழுப்பதை உள்ளிருந்தே பார்க்கிறோம். அந்தக் காட்சியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரால் அதுவும் முடியாது.

பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி காட்டுகிறார். பிரெஞ்சு மொழியில் அதிகம் புழங்கும் எழுத்து முதலில் வரும்படி அடுக்கி, ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வேண்டிய எழுத்து வந்ததும் பாபி இமைக்க வேண்டும். அப்படி அவர் கோத்துச் சொன்ன முதல் ஆசை, சாக வேண்டும் என்பது. அந்தப் பெண் கொதித்துப்போய் வெளியேறுகிறார். உடனே திரும்பி வந்து மன்னிப்பும் கேட்கிறார்.

பாபியை மகானாக்காதது படத்தின் பெரிய நேர்மை. குழந்தைகளின் தாயை விட்டுப் பிரிந்தவர் அவர். படத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்ப்பவள் அவள்தான், காதலி வரவில்லை. ஒருநாள் காதலியிடமிருந்து போன் வருகிறது. அவளுக்குப் பாபி சொல்ல நினைப்பதை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்ல அந்த அறையில் இருப்பது குழந்தைகளின் தாய் ஒருத்திதான். தினமும் உனக்காகத்தான் காத்திருக்கிறேன் என்ற பதிலைத் தன் வாயாலேயே சொல்லி முடிக்கிறாள். பாபியின் நிலைமையைவிட இவளுடைய பொறுமைதான் என்னை உடைத்தது.

இப்படியே எழுத்தெழுத்தாக, எதிரே ஒருத்தி உட்கார்ந்து எழுத, புத்தகம் முழுவதையும் இமைத்தே சொல்லி முடித்தார் பாபி. 1997 மார்ச்சில் அது வெளியான சில நாளில் இறந்தார். அவர் படுத்திருந்த பெர்க் கடற்கரை ஆஸ்பத்திரியிலேயே படத்தை எடுத்தார் ஷ்னாபெல். கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் வாங்கினார்.

படத்தில் ஒரு ஊழியர், பாபி ரசித்துக்கொண்டிருந்த கால்பந்து ஆட்டத்தை அவரிடம் கேட்காமலேயே அணைத்துவிட்டுப் போகிறார். நம் வீடுகளிலும் இது நடக்கிறது. பக்கவாதத்தில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால், “சாப்பிடுறாரா, தூங்குறாரா?” என்று பக்கத்தில் நிற்பவரை விசாரிக்காதீர்கள். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரையே கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.