இணுவிலாரின் மயிலைப் பாட்டு

நேயர்களே, ஒரு பாட்டுக்கு எது சொந்த ஊர்? அது பாடுகின்ற தெய்வம் கோயில் கொண்ட ஊரா? பாடிப் புகழ் பெற்றவரின் ஊரா? அல்லது அதை எழுதியவர் பிறந்து வளர்ந்த ஊரா? அண்மையில் ஒரு காலைப்பொழுதிலே இந்தக் கேள்வியோடுதான் மானிப்பாயிலிருந்து ஒரு வாடகைக் காரிற் புறப்பட்டேன்.

நான் மானிப்பாயிலே பிறந்தவன். எங்கள் வீட்டில் விடியற்காலைகளில் வானொலி பாடும். அதனோடு சேர்ந்து அக்காவும் பாடுவார். ரி. எம். சௌந்தரராஜனின் கணீரென்ற குரலில் ‘கற்பகவல்லி’ பாடல் வந்துவிட்டால் அம்மா அடுப்படியில் அகப்பையை வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்து நிற்பார். பாடல் மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது அமைந்தது. பாடியவர் மதுரையில் பிறந்து தமிழ்நாடெங்கும் புகழ்பெற்ற பாடகர். ஆகவே எழுதியவரும் அந்த நாட்டவராகவே இருப்பார் என்று நான் எண்ணிக்கொண்டேன். எண்ணிக்கொண்டேன் என்பதுகூடச் சரியல்ல. எழுதியவர் என்று ஒருவர் இருப்பார் என்ற நினைவே எனக்கு வரவில்லை.

பல ஆண்டுகளின் பின் சென்னைக்குப் போனபோது கபாலீசுவரர் கோயிலில் அம்பாள் சந்நிதி முன் ஒரு மூதாட்டி அதே பாடலை மெல்லிய குரலிற் பாடிக்கொண்டிருந்தார். நான் கேட்டு நிற்பதைக் கண்டு, “எங்க ஊர்ப் பாட்டு, தெரியுமா?” என்று பெருமையோடு கேட்டார். “தெரியும் அம்மா, உங்கள் ஊர்ப் பாட்டுத்தான்” என்றேன். அந்தப் பாட்டை எழுதிய பிரம்மஸ்ரீ ந. வீரமணி ஐயர் அப்போது எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைலுக்கும் குறைந்த தூரத்தில், இணுவிலில் வாழ்ந்துகொண்டிருந்தார். அதை நான் அறிந்துகொண்டது 2003 ஒக்டோபரில், அவர் மறைந்த செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்றுதான். போய்க் கும்பிட்டிருக்கக்கூடிய ஒருவரைக் காணாமலே விட்டுவிட்டேன். நான் காரிற் புறப்பட்டதற்கு அந்தக் குறையே காரணம்.

மருதடிப் பிள்ளையாரை வணங்கி, தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்த டொக்டர் கிறீனின் பெயரால் விளங்கும் வைத்தியசாலையைத் தாண்டி, சுதுமலைப் பக்கமாகத் திரும்பினோம். இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், புகையிலை, வாழை. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்தக் குடாநாட்டிலே நிலத்தடி நீரை நம்பித்தான் விவசாயம் நடக்கிறது. மேலே பார்த்தால் வறண்ட பூமி, தோண்டினால் ஊற்று. இணுவிலின் கலையும் அப்படித்தான்.

சாரதி இளைஞர். நான் போகும் காரணத்தைக் கேட்டவர், “ஐயா, அது இந்தியாப் பாட்டெல்லே?” என்றார். அவரை நான் எப்படிக் குறை கூறுவேன்? “இல்லைத் தம்பி, எழுதினவர் இஞ்சை இணுவிலார்” என்றேன். கார் சற்று மெதுவாயிற்று.

காங்கேசன்துறை வீதி ஊடறுத்துச் செல்லும் இணுவில், கோயில்களின் ஊர். பரராசசேகரப் பிள்ளையார், சிவகாமி அம்மன், கந்தசுவாமியார் என ஒவ்வொன்றாகக் கண்டோம். கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம், மரத்திலே மனிதன் எவ்வளவு உயரத்துக்குக் கனவு காணலாம் என்பதற்குச் சான்று. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வாழ்ந்த சின்னத்தம்பிப் புலவர் ‘பஞ்சவன்னத் தூது’ பாடினார். சிவகாமி அம்மை மீது பிள்ளைத்தமிழும் பாடினார். தவில் உலகின் அதிசயம் என்று தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்த தட்சிணாமூர்த்தி, தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933இல் பிறந்ததும் இந்த மண்ணிலேதான். வீரமணி ஐயர் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1931இல். காலையில் நாதஸ்வரமும் மாலையில் தவிலும் காதில் விழ, கோயில் வீதியிலே விளையாடி வளரும் பிள்ளைக்குத் தாளம் தனியாகப் படிக்கவேண்டிய பாடமல்ல.

அந்த இளைஞர் கடல் கடந்து சென்னைக்குப் போனார். கலாக்ஷேத்திராவில் ருக்மிணிதேவி அருண்டேலிடம் பரதம் கற்றார். இசையிலே அவருக்கு வாய்த்த ஆசான் பாபநாசம் சிவன். ‘தமிழ்த் தியாகையர்’ என்று போற்றப்பட்ட சிவன், மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளைப் பாடிக்கொண்டே வலம் வந்தவர். அந்த ஆசானின் மாணவர், அந்த ஊரின் அம்பிகையைப் பாடியதில் வியப்பில்லை. இணுவிற் சிவகாமியின் வீதியிலே வளர்ந்த பிள்ளை, அந்நிய ஊரிலும் ஒரு தாயைத் தேடியிருப்பார் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

அந்தப் பாடலின் அமைப்பைச் சற்றே பார்ப்போம். அது ஓர் இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்ற நான்கு இராகங்களின் பெயர்களும் சாகித்தியத்துள்ளேயே வருகின்றன. எந்த இராகத்தில் பாடுகிறோமோ அந்த இராகத்தின் பெயர் அந்தச் சரணத்திலேயே பொதிந்திருக்கும். இதனை இராக முத்திரை என்பர். முத்துசுவாமி தீட்சிதர் இதிற் கைதேர்ந்தவர். வீரமணி ஐயரின் நயம் யாதெனில், இந்த நான்கும் அம்பிகையின் பெயர்களாகவும் பொருள் தருவதுதான். கல்யாணி என்றால் மங்கலமானவள்; ரஞ்சனி என்றால் மகிழ்விப்பவள். இசை அறியாத அடியவருக்கு அது தாயை விளிக்கும் சொல். இசை அறிந்தவருக்கு இராகத்தின் பெயர். இருவரும் ஒரே சொல்லிற் சந்திக்கிறார்கள்.

முத்திரை இன்னொரு வகையிலும் உண்டு. அது பாடலாசிரியர் தம் பெயரைப் பாட்டிலே பொறித்து வைப்பது. தீட்சிதர் ‘குருகுஹ’ என்று வைத்தார். பாபநாசம் சிவன் ‘ராமதாசன்’ என்று வைத்தார். பாட்டு எத்தனை வாய் மாறினாலும் அந்தப் பெயர் கூடவே போகும். கற்பகவல்லிப் பாடலில் இராகங்களின் பெயர்கள் உண்டு. மயிலையின் பெயர் உண்டு. கபாலியின் பெயரும் உண்டு. எழுதியவரின் பெயர் மாத்திரம் இல்லை. தம் பெயரை வைக்காத அடக்கத்துக்கு அவர் கொடுத்த விலை, என்னைப் போன்ற அயலூரவன்கூட அவரை அறியாமற் போனதுதான்.

இணுவிலிலிருந்து வடக்கே சென்றால் மருதனார்மடம். அங்கே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய மகளிர் கல்லூரி இருக்கிறது. அதன் அயலில் 1960இல் தோன்றிய இசைக்கழகத்துக்கு மகாராஜபுரம் சந்தானம் அதிபராக வந்து பணியாற்றினார். பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சென்னையில் இருந்து இங்கே வித்துவான்கள் வந்தார்கள்; இங்கிருந்து அங்கே மாணவர்கள் போனார்கள். பாக்குநீரிணை அக்காலத்தில் இசைக்குத் தடையாக இருக்கவில்லை.

அங்கிருந்து கிழக்கே திரும்பி, உரும்பிராய் தாண்டிக் கோப்பாயை அடைந்தோம். இங்குள்ள ஆசிரியர் கலாசாலையில்தான் வீரமணி ஐயர் விரிவுரையாளராகப் பணிபுரிந்தார். அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் குடாநாட்டின் பள்ளிக்கூடங்களுக்கு அவர் பாட்டையும் ஆட்டத்தையும் கொண்டுபோனார்கள். ஈழத்துக் கோயில்கள் பலவற்றுக்கும் கீர்த்தனைகளும் ஊஞ்சற் பாக்களும் அவர் இயற்றினார். நாட்டிய நாடகங்களும் எழுதினார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் உருப்படிகள் செய்தார். இதன் அருமையை விளக்கவேண்டும். மேளகர்த்தா என்பது ஏழு சுரங்களும் நிறைந்த தாய் இராகம். ‘ச’வும் ‘ப’வும் மாறாதவை. கீழ்ப்பகுதியில் ‘ரி, க’ சேரும் வகை ஆறு; மேற்பகுதியில் ‘த, நி’ சேரும் வகை ஆறு. ஆறும் ஆறும் பெருக்க முப்பத்தாறு. மத்திமம் இருவகையாதலால் எழுபத்திரண்டு. கல்யாணி போன்றவை எவருக்கும் இனிக்கும். வேறு சில, சுரங்கள் நெருங்கி நிற்பதால் நடப்பதற்கே கடினமான முட்பாதைகள். தமிழில் கோடீஸ்வர ஐயர் அவை அனைத்திலும் பாடி முன்வழி காட்டினார். அந்த வழியிலே இணுவிலிலிருந்து ஒருவர் நடந்து முடித்தார்.

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வீதியைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். கையில் எடுத்தது கொஞ்சம். விட்டுப் போனது அதிகம். புத்தகமும் கொப்பியும் பாரம் என்று வீட்டிலேயே கிடந்தன. மனப்பாடமான பாட்டு மாத்திரம் பாரமில்லாமற் கூட வந்தது. ஆனால் பாடுபவர் மறைந்தால் பாட்டும் மறையும். ஆகவே சுரதாளக் குறிப்போடு அச்சேற்றுவதும் மேடைகளிற் பாடுவதும் இன்றியமையாதவை.

திரும்பும் வழியில் இணுவிலில் மறுபடியும் காரை நிறுத்தச் சொன்னேன். சிவகாமி அம்மன் வாசலில் நின்று அந்தப் பாட்டை என் கரகரத்த குரலிற் பாடினேன். முடிந்ததும் சாரதி கேட்டார்: “ஐயா, எழுதினவற்றை பேரை இன்னொருக்காச் சொல்லுங்கோ.” சொன்னேன். தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நேயர்களே, முன்பெல்லாம் வானொலியில் பாடலுக்கு முன்னே இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று பெயர்களை ஒழுங்காக அறிவிப்பார்கள். நல்ல வழக்கம் அது. கோயில் வீதியிலோ பள்ளி மேடையிலோ கற்பகவல்லி பாடும் பிள்ளைகளுக்கு நாமும் அதைச் சொல்லிக்கொடுப்போம். பாட்டு மயிலாப்பூருக்கே உரியதாக இருக்கட்டும். அந்த மூதாட்டியின் பெருமையில் எனக்குப் பங்கு வேண்டாம். எழுதியவர் இணுவில் வீரமணி ஐயர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாடினாற் போதும்.