பூட்டும் சாவியும் – 9: ஒரு மணி நேரத்தில் திறந்த பூட்டு

சென்ற வாரம் பீட்டர் ஷோரின் 1994-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்போடு நிறுத்தியிருந்தோம். போதுமான வலிமையுள்ள குவாண்டம் கணினி இயங்கத் தொடங்கினால், ரகசியத் தகவலைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. போன்ற குறியாக்கப் பூட்டுகள் அவருடைய முறையின் முன்னால் தாக்குப்பிடிக்காது. அந்தக் கணினி இன்னும் வரவில்லை. மாற்றுப் பூட்டைத் தேடும் வேலையோ 2016-லேயே தொடங்கிவிட்டது. அந்தத் தேடலில் நடந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் விடுத்த அழைப்பை ஏற்று, பல நாட்டுக் கணித அறிஞர்கள் தங்கள் திட்டங்களை அனுப்பினார்கள். முதல் சுற்றுக்கு 69 தேறின. அவற்றில் ஒன்று ‘சைக்’. நீள்வட்ட வளைவுகளுக்கு இடையே உள்ள பாதைகளில் ரகசியத்தை ஒளித்துவைக்கும் அழகான கணிதம் அது. சாவியின் அளவும் மிகச் சிறியது. பலமுறை சலித்தெடுத்த பின்னும் மிஞ்சி, 2022 ஜூலையில் நான்காம் சுற்றுக்கு வந்துவிட்டது.

அந்த மாத இறுதியிலேயே பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்களான வௌட்டர் காஸ்ட்ரிக், தோமா டெக்ரூ இருவரும் அதை உடைத்துக் காட்டினார்கள். குவாண்டம் கணினி தேவைப்படவில்லை. சாதாரணச் செயலியின் ஒரே ஒரு கோரில், சைக்கின் ஒரு வடிவம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திறந்துகொண்டது. அவர்கள் கையாண்ட கருவி, 1997-ல் எர்ன்ஸ்ட் கானி நிறுவிய தேற்றம். சைக் பிறப்பதற்கு முன்பிருந்தே அது நூலகத்தில் இருந்தது!

புதிய பூட்டும் ஒருநாள் உடையலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். இதுதான் சைக் தந்த பாடம். 2024 ஆகஸ்டில் நிஸ்ட் வெளியிட்ட மூன்று தரங்களில் இரண்டு, பல பரிமாணப் புள்ளிப் பின்னல்களின் கணிதத்தை நம்பியவை. மூன்றாவது ஹாஷ் சார்புகளை நம்பியது. 2025 மார்ச்சில், பிழைதிருத்தக் குறிகளின் மேல் கட்டிய எச்.க்யூ.சி. என்ற பூட்டையும் நிஸ்ட் மாற்றுக்காகத் தேர்ந்தெடுத்தது. ஒரு கணிதம் சாய்ந்தால் இன்னொன்று தாங்கும். சிக்னல் என்ற செய்திச் செயலி 2023-ல் புதிய பூட்டைப் போட்டபோது பழையதைக் கழற்றவில்லை. இரண்டையும் உடைப்பவர் மட்டுமே உள்ளே நுழைய முடியும்.

குவாண்டம் கணினி வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. இன்று கம்பியில் போகும் தகவலை அப்படியே பிடித்துச் சேமித்துவைத்து, பத்து ஆண்டு கழித்துத் திறக்கலாம். ஒரு நோயாளியின் மரபணு அறிக்கை அப்போதும் ரகசியம்தான். பூட்டை மாற்றுவதற்கும் ஆண்டுகள் பிடிக்கும். அதனால்தான் பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம், தன் நாட்டு நிறுவனங்கள் 2028-க்குள் கணக்கெடுப்பையும் திட்டத்தையும், 2035-க்குள் முழு மாற்றத்தையும் முடிக்க வேண்டும் என்கிறது.

முதல் வேலைக்குப் பெரிய செலவில்லை. எந்தச் சர்வரில், எந்த மென்பொருளில், எந்தக் கருவியில் என்ன பூட்டு இருக்கிறது, அது காக்கும் ரகசியம் எத்தனை ஆண்டு நிலைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். பிறகு, புதிதாக வாங்கும் ஒவ்வொன்றிலும் பூட்டை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும்.

மருத்துவமனையோ வங்கியோ அலுவலகமோ, மக்களின் ரகசியம் உங்கள் பொறுப்பில் இருந்தால், அந்தப் பட்டியலை இந்த ஆண்டே எழுதத் தொடங்குங்கள்.

(தொடரும்)