போன வருஷமே ஊசி போட்டாச்சு என்று இருந்துவிடாதீர்கள்

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். விடியுமுன் தோட்டத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடக்கிறவர்களுக்குத் தெருநாய் புதிதல்ல. 2024-இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம், ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோய்க்கு மருந்து இல்லை. அதற்கு முன்பு என்ன செய்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக் காலத்து ஊசி போய்விட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில், தோலுக்குள், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மில்லி போடுகிறார்கள். முன்பே முழுதாகப் போட்டுக்கொண்டவரை மறுபடி நாய் கடித்தால், 0, 3-ஆம் நாட்களில் பூஸ்டர் போட்டால் போதும். கடிவாயில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. இந்த விதி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை.

தடுப்பூசி வைரஸைக் கொல்வதில்லை. கொல்லும் ஆன்டிபாடியை உடல்தான் தயாரிக்க வேண்டும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் தினமும் விழுங்கும் டாக்ரோலிமஸ், மைகோஃபீனோலேட், பிரட்னிசோலோன் மாத்திரைகளின் வேலையே அந்தத் தயாரிப்பை அடக்கி வைப்பது. கொரோனா காலத்தில் இது எண்ணிக்கையாகவே தெரிந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2021-இல் உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைச் சோதித்தார்கள். இரண்டு டோஸ் போட்ட பிறகும் 54 சதவீதம் பேரிடம்தான் ஆன்டிபாடி இருந்தது. அதனால்தான் அவர்களுக்கு மூன்றாவது டோஸ் வந்தது.

ரேபிஸில் இந்தப் பிசகு உயிரையே வாங்கும். 2020 ஜூலையில் அமெரிக்காவின் மினசோட்டாவில் 84 வயது முதியவரின் கையை வௌவால் கடித்தது. அந்த வௌவாலுக்கு ரேபிஸ் உறுதியானது. இம்யூனோகுளோபுலினும் நான்கு டோஸ் தடுப்பூசியும் காலத்தோடு போட்டார்கள். 2021 ஜனவரியில் அவர் ரேபிஸால் இறந்தார். அவர் உடலில் ஆன்டிபாடி இருந்தது, வைரஸை முறிக்கும் திறன்தான் இல்லை. அவருக்கு எதிர்ப்பாற்றலில் குறை இருந்தது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அங்குள்ள விதிப்படி ஐந்தாவது டோஸும் போட்டிருப்பார்கள்.

நம் நாட்டு வழிகாட்டு நெறியும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு ரத்தம் வராத சிறு கீறல் என்றாலும் இம்யூனோகுளோபுலின் வேண்டும். தடுப்பூசியைத் தசையில், 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை முழுதாகப் போட வேண்டும். வசதி இருந்தால், ஊசிகள் முடிந்து 14 நாள் கழித்து ஆன்டிபாடி அளவையும் பார்க்க வேண்டும், மில்லிக்கு 0.5 யூனிட்டுக்குக் குறையக்கூடாது. முன்பே ஊசி போட்டிருந்தாலும் இவர்களுக்கு இரண்டு பூஸ்டரோடு நிறுத்தக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இதில் சிக்கல், நர்ஸ் முன்னால் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. நாய் எது, எப்போது கடித்தது, முன்பு ஊசி போட்டீர்களா என்று கேட்பார்கள். "போன வருஷம் போட்டேன்" என்பீர்கள். சீட்டில் 0, 3 என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கீமோ எடுப்பதையோ, முடக்குவாதத்துக்குப் பல மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுவதையோ நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த, பெயர் தெரியாத மாத்திரையில்கூட ஸ்டீராய்டு இருக்கலாம். அந்த அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். ஹெச்ஐவி உள்ளவர்கள் அனைவரும் இந்தப் பட்டியலில் இல்லை: கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்து, சிடி4 எண்ணிக்கை நன்றாக இருப்பவர்களுக்குத் தடுப்பூசி மற்றவர்களைப் போலவே வேலை செய்யும். எண்ணிக்கை குறைந்தவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டுப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்றிய சிறுநீரகம் போய்விடும். எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கடிபட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். இம்யூனோகுளோபுலினை முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இல்லையென்றால், முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு அன்றைக்கே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். உங்கள் மருந்துச் சீட்டை இன்றே கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நாயின் நகம் கீறினாலும் சரி, மருத்துவரிடம் முதல் பேச்சே இதுவாக இருக்கட்டும்: "எனக்கு இந்த நோய், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்."