விலை காட்டும் செயலி நின்றுவிட்டால்...

மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி மூட்டை பிடித்துவிட்ட விவசாயிக்கு அடுத்து வேண்டியது அன்றைய விலை. ஈரோடு, பெருந்துறை ஏலம் எப்படிப் போயிற்று என்பதைப் பொறுத்தே வண்டி பேசுவதா, இருப்பு வைப்பதா என்று முடிவாகிறது. உடுமலைப்பேட்டை, காங்கயம் பகுதியில் கொப்பரை வைத்திருப்போர் நிலையும் இதுவே.

முன்பு மண்டியில் விசாரித்தும் வானொலியில் கேட்டும் அறிந்த விலையை இப்போது பலர் செல்போனில் பார்க்கின்றனர். மத்திய அரசின் அக்மார்க்நெட் 2000லும், இ-நாம் 2016லும், தமிழக அரசின் உழவன் செயலி 2018லும் தொடங்கப்பட்டன. ஆனால், விலை பார்க்கும் நேரத்தில் செயலி தானாக மூடிக்கொண்டால் என்ன செய்வது?

கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் யாரும் உடனே மோட்டாரைக் கழற்றுவதில்லை. ஃபியூஸ், ஸ்டார்ட்டர், ஃபுட்வால்வு என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இதற்கும் அதே முறைதான்.

தானாக மூடிக்கொண்டால்

கோளாறு பெரும்பாலும் செல்போனில் அல்லது செயலியில் இருக்கும். செல்போனை ஒருமுறை அணைத்துப் போடவும். படங்களும் வீடியோக்களும் நிறைந்து இடமில்லாமல் போயிருந்தால் வேண்டாதவற்றை நீக்கவும். பிறகு செட்டிங்ஸ் பகுதியில் அந்தச் செயலியைத் தேடி 'கேஷ்' எனப்படும் தற்காலிகச் சேமிப்பை மட்டும் அழிக்கவும். 'டேட்டா'வையும் அழித்தால் பதிவு விவரங்கள் போய்விடக்கூடும். அதற்கு முன் பயனர் பெயர், கடவுச்சொல்லைக் குறித்து வைத்துக்கொள்வது நலம். அடுத்து, பிளே ஸ்டோரில் புதிய பதிப்பு வந்துள்ளதா என்று பார்க்கவும்.

செயலி மேல் குற்றமில்லாமலும் இது நேரலாம். 2021 மார்ச் 22, 23 தேதிகளில் உலகெங்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. அவை பொதுவாகப் பயன்படுத்தும் 'வெப்வியூ' என்ற கூகுள் மென்பொருளின் பிழையே காரணம். வெப்வியூவையும் குரோமையும் புதுப்பித்ததும் சரியாயிற்று.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்

கோளாறு பெரும்பாலும் இணைப்பில் இருக்கும். செல்போனில் தேதி, நேரம் சரியா என்று பார்க்கவும். தேதி பிசகினால் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது. தோட்டத்தில் சிக்னல் குறைவாயின் மேட்டுப்பாங்கான இடத்தில் முயலலாம். பக்கத்துத் தோட்டத்தார் போனில், வேறு நிறுவன சிம் மூலமும் விலை வரவில்லையெனில் பழுது மறுமுனையில் இருக்கலாம். சிறிது நேரம் பொறுப்பதே வழி. இந்நேரத்தில் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் இணைப்பிலிருந்து செயலியை இறக்கக் கூடாது.

பழைய விலை நின்றால்

மூன்றிலும் நட்டம் தரக்கூடியது இதுவே. இணைப்பு அறுந்த பிறகும் சில செயலிகளில் கடைசியாக வந்த விலை அப்படியே நிற்கும். விற்பனைக்கூடத்தில் ஏலம் முடிந்து விலையைப் பதிவு செய்தால்தான் புது விலை தெரியும். விடுமுறை நாளில் வராது.

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் குறியீட்டு எண்கள் நகராமல் நின்றன. காலை 11.40க்கு வணிகத்தையே நிறுத்தி, மாலை 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கினர். நகராத விலையை நம்பி வியாபாரம் செய்யக்கூடாது என்பது மஞ்சளுக்கும் பொருந்தும்.

எனவே விலையைப் பார்க்கும் முன் தேதியைப் பார்க்கவும். விரலியா, கிழங்கா, எந்த விற்பனைக்கூடம் என்பதையும் கவனிக்கவும். அதிகபட்ச விலையை மட்டும் பார்க்காமல், பெருவாரியாக விற்ற விலையைக் கணக்கில் கொள்ளவும். சந்தேகமிருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூட அலுவலகத்துக்கோ, கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்கோ பேசலாம். விலையை உறுதி செய்த பின் வண்டியில் மூட்டை ஏற்றுவதே நலம்.