பியூஸ் கட்டை சட்டைப் பையில் இருக்கிறதா?

பீங்கான் ஊர் சொல்லும் உயிர்ப் பாடம்

விருத்தாசலம்,

சுட்ட மண்ணில் கரண்ட் ஏறாது. ஈர மண்ணில் நின்றால் கரண்ட் ஆளை விடாது!

இந்த இரண்டு மண்ணையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் ஊர் விருத்தாசலம்.

ரெயில் ஜங்ஷன், பழமலைநாதர் கோவில் என்று பெயர் பெற்ற இந்த ஊருக்குப் பீங்கான் ஊர் என்றும் ஒரு பேர் உண்டு. பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே களிமண் படிவு கிடக்கிறது. இங்கே செராமிக் தொழிற்பேட்டை. பீங்கான் தொழிலைச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு டிப்ளமோ கல்லூரியே இருக்கிறது.

அகல் விளக்கும் பொம்மையும் மட்டும் இந்த ஊர்ச் சூளைகளில் வேகவில்லை. வீட்டுக்கு வீடு மெயின் பலகையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை பியூஸ் கட்டையும் இங்கே வெந்து வந்த சரக்குதான்.

கரண்டைத் தடுக்கும் பொருளைச் செய்கிற இடத்தில், கரண்ட் ஆளை அடிக்கும் ஆபத்தும் கூடவே இருக்கிறது. இது என்ன வேடிக்கை?

வேடிக்கை இல்லை. விஷயம் இருக்கிறது!

மண் ஒன்று, குணம் இரண்டு

பீங்கான் என்பது களிமண், பெல்ட்ஸ்பார் கல், குவார்ட்ஸ் கல் மூன்றும் சேர்ந்த கலவை. தண்ணீர் விட்டு மாவு போல அரைக்கிறார்கள். அச்சில் வார்த்துக் காயவைத்து, மெருகு பூசிச் சூளையில் ஏற்றுகிறார்கள். 1,200 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்போது உள்ளே இருந்த ஈரம் முழுக்க ஓடிவிடுகிறது. கல்லின் ஒரு பகுதி உருகி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் புகுவதற்கு ஓட்டை இல்லை. அதனால் கரண்டுக்கும் வழி இல்லை.

மேலே பூசும் மெருகு அழகுக்கு மட்டும் அல்ல. கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தால் தூசி தங்காது, மழை நீர் வழிந்து ஓடிவிடும். மின்கம்பத்துப் பீங்கானைக் குடைக்கு மேல் குடை வைத்தது போலச் செய்வதும் இதற்காகத்தான். மேலே நனைந்தாலும் குடைக்கு அடியில் கொஞ்ச இடம் காய்ந்து இருக்கும்.

ஆனால் சூளைக்குப் போகும் வரை அது வெறும் சேறு. அரவை மில்லைச் சுற்றித் தரை நனைந்து கிடக்கும். கையில் களிமண், காலில் செருப்பு இல்லை, உடம்பெல்லாம் வியர்வை. எதிரே 415 வோல்ட் ஓடும் மூன்று பேஸ் மோட்டார்! அதன் சுவிட்சுப் பெட்டிக்குள் பறந்து போய்ப் படிந்த மண் தூசி, ஈரம் பட்டதும் கரண்டுக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடும்.

மாவு மில், சர்வீஸ் ஸ்டேஷன், சாயப்பட்டறை, கிரைண்டர் ஓடும் ஓட்டல் சமையல்கட்டு... எங்கே தண்ணீரும் மோட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 10 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கரண்ட் அடித்துப் பலியாகி இருக்கிறார்கள்.

எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும்?

“ரெண்டு தடவை ஷாக் வாங்கியிருக்கேன், ஒண்ணும் ஆகலையே!” என்று மார் தட்டுபவர்கள் எந்தப் பட்டறையிலும் உண்டு. அன்று அவர்கள் கை காய்ந்து இருந்திருக்கும். காலில் ரப்பர் செருப்பு இருந்திருக்கும். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். மனமுவந்து வந்தவர்களின் கையில் ஒயரைக் கொடுத்து, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். எந்த அளவு வரை கையை விட முடிகிறது என்று குறித்துக்கொண்டார்.

ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் கை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. “கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு” என்று ஊரில் சொல்வது இதைத்தான். பிடிப்பது கரண்ட் அல்ல, நம் சொந்தக் கைச் சதை!

நனைந்த உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு 230 வோல்ட்டில் கைபட்டால் உடம்பில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். நூறு மில்லி ஆம்பியரே ஒரு சில நொடிகளில் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கப் போதும்.

பியூஸ் யாரைக் காப்பாற்றும்?

“பியூஸ்தான் இருக்கே, போயிடுமே” என்ற தைரியம் பலருக்கு உண்டு. அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்!

5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல 100 போதும். ஒரு மனிதன் துடிதுடித்துச் செத்தாலும் அந்தப் பியூஸ் கம்பி அசையாமல் இருக்கும். எம்.சி.பி. சுவிட்சும் அப்படித்தான். இவை இரண்டும் ஒயர் தீப்பிடிக்காமல் காப்பாற்ற வந்தவை, மனிதனைக் காப்பாற்ற வந்தவை அல்ல. அந்தப் பியூஸ் கம்பி போனால், அதற்குப் பதில் மூன்று இழைத் தாமிரக் கம்பியை முறுக்கிப் போட்டால் ஒயருக்கும் காவல் இல்லை.

மனிதனுக்குக் காவல் இரண்டு.

ஒன்று எர்த். மோட்டாரின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால், பச்சை ஒயர் வழியாக அது நேரே மண்ணுக்கு ஓட வேண்டும். அப்படி வேகமாக ஓடினால்தான் பியூஸே போகும். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டி எறிபவர்கள் தங்கள் காவல்காரனை வெட்டி எறிகிறார்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோனாலும் எர்த் இருந்தும் இல்லாத கதைதான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சோம்பல் கூடாது.

இரண்டாவது ஆர்.சி.சி.பி. என்னும் டிரிப் சுவிட்ச். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண் இமைப்பதற்குள் கரண்டை வெட்டிவிடும். அதில் இருக்கும் சின்னப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் சுவிட்ச் விழாவிட்டால் அதை மாற்றிவிட வேண்டும். ஒரு கையில் பேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தவரை இந்தச் சுவிட்சும் காப்பாற்றாது. இதையும் மறக்கக் கூடாது.

பைக்குள் ஒரு பூட்டு

பட்டறைகளில் நடக்கும் சாவுகளில் ஒரு வகை மிகவும் கொடுமையானது.

“மெயினை ஆப் பண்ணிட்டேன், கையை வைங்கண்ணே!” என்று ஒருவர் குரல் கொடுப்பார். உள்ளே ஒருவர் ஒயரைப் பிரித்துக்கொண்டு இருப்பார். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் வருவார். “எவன்டா மெயினை அணைச்சது?” என்று திட்டிக்கொண்டே போட்டுவிடுவார்!

போட்டவர் கொலைகாரர் அல்ல. உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது.

இதற்கு மருந்து விருத்தாசலத்துச் சரக்கிலேயே இருக்கிறது. மெயினை ஆப் செய்ததும் பியூஸ் கட்டையைக் கழற்ற வேண்டும். மூன்று பேஸ் என்றால் மூன்று கட்டையும். அதை மேஜை மேலே வைக்கக் கூடாது, பக்கத்து ஆளிடம் கொடுக்கவும் கூடாது. வேலை செய்பவரின் சட்டைப் பைக்குள் போக வேண்டும். அதன் பிறகு யார் மெயினைப் போட்டாலும் லைனில் கரண்ட் வராது. வேலை முடிந்து அவரே வந்து மாட்டினால்தான் உண்டு.

வெளிநாட்டு ஆலைகளில் இதையே பூட்டுப் போட்டு, அட்டை கட்டிச் செய்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பூட்டு, சாவி அவரவர் பையில். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. கடைசி ஆள் திறந்தால்தான் மிஷின் ஓடும். எம்.சி.பி. பலகை வைத்திருப்பவர்களும் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளலாம். “ஆள் வேலை செய்கிறார், போடாதே” என்று ஓர் அட்டை எழுதித் தொங்கவிட என்ன செலவு?

டெஸ்டரை நம்பலாமா?

கட்டை பைக்குள் வந்துவிட்டது. உடனே கை வைக்கலாமா? கூடாது!

நியூட்ரலில் கரண்ட் திரும்பி வரலாம். இன்வெர்ட்டர் இருக்கலாம். பக்கத்து லைனில் இருந்து யாரோ இழுத்த ஒயர் கலந்திருக்கலாம். தொட்டுப் பார்க்கும் ஒயர் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். டெஸ்டரே செத்துப்போய் இருந்தால்? வெயிலில் அதன் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் போனால்? முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பார். அடுத்து வேலை செய்யும் ஒயரில் பார். திரும்பவும் கரண்ட் இருக்கும் இடத்தில் பார். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் கை வை. ஒரு நிமிட வேலைதான்.

கடைக்காரர்கள் கவனிக்க!

மின்கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கும் இதே சட்டம்தான். எல்.சி. வாங்கி, ஏபி சுவிட்சைத் திறந்து, லைனைச் சோதித்து, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். சோதிப்பது எதற்கு? எர்த் ராடு எதற்கு? கீழே இருக்கும் நம்மால்தான்!

கரண்ட் போனதும் சில கடைகளில் ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். மாற்று சுவிட்ச் வைக்காமல், ஒயரைப் பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். கடைக்குள் போன கரண்ட் தெரு லைனுக்கும் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறினால் 230 வோல்ட் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறிவிடும். கம்பத்தின் மேல் இருப்பவர் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை நீட்டுவார்...

மாற்று சுவிட்ச் வாங்கும் பணம் ஓர் உயிரைவிடப் பெரிதா?

மேலே பார்!

உயர் அழுத்தக் கம்பிக்கு மேலுறை கிடையாது. அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில், தேரின் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் பலியானார்கள். அந்தச் சோகத்தை மறக்க முடியாது.

கட்டிட வேலையில் கம்பி தூக்குபவர், பெயிண்டர், போர்டு மாட்டுபவர், லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுபவர் எல்லாருக்கும் அதே கம்பி தலைக்கு மேலே போகிறது. இரும்பு ஏணியையும் நீளக் குழாயையும் நிமிர்த்துவதற்கு முன்னால் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகே வேலை.

அடித்துவிட்டால்?

ஓடிப்போய் ஆளைப் பிடிக்காதே! பிடித்தால் இரண்டு பிணம்.

முதலில் மெயினை ஆப் செய். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளு. இது வீட்டுக் கரண்டுக்கு மட்டும். உயர் அழுத்தக் கம்பி அறுந்து கிடந்தால் கட்டையோடும் கிட்டே போகக் கூடாது. லைன் நிறுத்தப்படும் வரை தள்ளி நின்று மற்றவர்களையும் தடுக்க வேண்டும்.

ஆள் பிரிந்ததும் மூச்சு இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் 108-க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, நடு மார்பில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து அழுத்து. ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதே.

இந்த மார்பு அழுத்தம் வந்த கதையே மின்சாரத் தொழிலாளியின் கதைதான். அமெரிக்காவில் 1920-களில் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாவது அதிகமானது. மின் கம்பெனிகள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதில் இறங்கிய வில்லியம் கௌவன்ஹோவன் டாக்டர் அல்ல, எலக்ட்ரிக்கல் என்ஜினீயர்! அவரும் ஒரு டாக்டரும் இன்னொரு என்ஜினீயரும் சேர்ந்து 1960-ல் இந்த முறையை உலகத்துக்குச் சொன்னார்கள். இன்று மாரடைப்பில் விழுபவரையும் இதே முறைதான் பிழைக்க வைக்கிறது.

ஷாக் அடித்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று உள்ளூர் மொழியில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. பழைய போர்டுகளில் ஆளைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தும் படம் இருக்கும். அந்தக் காலத்து முறை அது. அந்தப் போர்டு தொங்கினால் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

எழுந்து உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணும் இல்லப்பா, டீ வாங்கிக் குடு” என்று சொன்னாலும் விடக் கூடாது. இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகுதான் டீ!

இந்த ஊர் மண்ணில் வெந்த கட்டை, விலை மலிவானது, உள்ளங்கைக்குள் அடங்குவது. மெயின் பலகையில் இருந்தால் அது ஒயரைக் காக்கும். சட்டைப் பையில் இருந்தால் ஆளைக் காக்கும்.