கணனி பழுதல்ல, ‘டிரைவர்’ இல்லை

இடம்பெயர்ந்த வாழ்விலும் பிள்ளையின் படிப்புக்கென வாங்கிய பழைய கணனிக்குப் புதிதாக விண்டோஸ் ஏற்றியதும், ஒலியும் வைஃபையும் நின்றுவிட்டனவா? உடனே புதிய உறுப்பு வாங்கிக் காசை இழக்காதீர்கள். வலிகாமத்துத் தோட்டக் கிணற்றடியில் இயந்திரமும் பம்பும் நன்றாயிருந்தும், பெல்ற் இல்லையெனில் தண்ணீர் வராது. விண்டோஸையும் உறுப்பையும் இணைக்கும் பெல்ற்றே ‘டிரைவர்’ என்னும் மென்பொருள்.

முதலில் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியை வயரால் இணைத்து, ‘யூ.எஸ்.பி. டெதரிங்’கை இயக்குங்கள், பெரும்பாலும் இணையம் கிடைக்கும். பின்னர் ‘விண்டோஸ் அப்டேற்’ பல டிரைவர்களைத் தானே தேடித்தரும். எஞ்சியவை ‘டிவைஸ் மனேஜர்’ பட்டியலில் மஞ்சள் குறியுடன் நிற்கும். அவற்றைக் கணனி தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில், கணனியின் மொடல் இலக்கத்தைக் கொடுத்து இலவசமாகப் பெறலாம். காசு கேட்கும் ‘டிரைவர் தேடும்’ மென்பொருட்களை நம்பவேண்டாம்.

விதைவெங்காயத்தை எடுத்துவைப்பதுபோல, கிடைத்த டிரைவர்களைப் பென்டிரைவில் சேமித்துவையுங்கள். அடுத்தமுறை அலையவேண்டியிராது.