எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது

கோடை விடுமுறை வந்தால் இசைக்கருவிக் கடைகளில் கிட்டார் விற்பனை சூடு பிடிக்கிறது. பள்ளி திறந்த பிறகு புலம்பல்கள் தொடங்குகின்றன, அவையும் ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான். எட்டு வயதுக் குழந்தையின் தலையில் 41 அங்குல கிட்டாரைக் கட்டிவிட்டார்கள். கம்பி அமுக்க முடியாத உயரத்தில் நிற்கிறது. ஆறாவது ஃபிரெட்டில் விரல் வைத்தால் ஜிர்ரென்று இரைகிறது. பன்னிரண்டு பிக் இலவசம் என்றார்கள், பையைத் திறந்தால் மூன்றுதான் இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டால், ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்ற பலகையைக் கடைக்காரர் காட்டுகிறார். சரி, பில் எங்கே என்று வாங்கியவரைக் கேட்டால், கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார். அதன் தலையில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சாகியிருக்கிறது. பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே செத்துவிடுகின்றன. மீதிப் பாதி, எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகின்றன.

எல்லாப் பழியையும் விற்பனையாளரின் வாய்ச்சாலகத்தின் மேல் போடுவது எளிது. “கடைசி பீஸ் சார்”, “இன்னைக்கு மட்டும்தான் இந்த ரேட்”, “காலையிலேயே ஒருத்தர் அட்வான்ஸ் தர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்” என்பதெல்லாம் நாம் கேட்டுப் பழகியவை. இணையத்தில் இதே பொய் அவசரத்தைக் காட்டி விற்றால், 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அதைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. அந்தப் பட்டியலில் மொத்தம் 13 தந்திரங்கள். கடை மேசைக்குப் பின்னால் நின்று பேசும் மனிதருக்கு அப்படித் தனி விதி இல்லை. ஆனால் தரத்தைப் பற்றியோ, வகையைப் பற்றியோ, உத்தரவாதத்தைப் பற்றியோ அவர் பொய் சொன்னால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது நேர்மையற்ற வணிக நடைமுறை. கடையில் சொன்னாலும் விளம்பரத்தில் சொன்னாலும் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. சொன்னார் என்பதை எப்படி நிரூபிப்பது என்பதில்தான் சிக்கல். அதனால் விற்பனையாளரோடு வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் “இதையெல்லாம் பில்லில் எழுதித் தாருங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். பொய்யாகச் சொன்னவை அந்த நொடியே உதிர்ந்துவிடும்.

பில் தராமல் விற்பதே சட்டத்தில் தனித் தவறு. அந்தச் சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த பொது விதிகள், பில்லில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கின்றன: விற்பவரின் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, வாங்குபவர் பெயர், பொருளின் விவரம், எண்ணிக்கை, தள்ளுபடி, வரி விகிதம், மொத்த விலை, விற்பவரின் கையெழுத்து. எஸ்டிமேட் சீட்டில் இவற்றில் பாதிகூட இருப்பதில்லை. ‘பொருளின் விவரம்’ என்ற இடத்தில் ‘கிட்டார் – 1’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவனப் பெயர், மாடல் எண், அளவு, உள்ளே ஒட்டியிருக்கும் சீரியல் எண் எல்லாம் வர வேண்டும். மேற்பலகை ஒட்டுப்பலகை இல்லை, ஒரே மரம், ‘சாலிட் டாப்’ என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கினால் அந்தச் சொல்லும் ஏற வேண்டும். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே உண்டு. எழுதப்படாத விவரத்தை நிரூபிப்பதுதான் கடினம். “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்” என்பது அடுத்த வலை. பெட்டியில் ஒட்டிய எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் அடங்கிய விலை. அதற்கு மேல் வரி என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அது குற்றம். எம்.ஆர்.பி.க்குக் கீழே பில் இல்லாமல் கிடைக்கும் சில நூறு ரூபாய்த் தள்ளுபடி, கடைக்காரர் தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள உங்களுக்குத் தரும் தொகை. அவ்வளவு மலிவாக அவரை விட்டுவிட வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன் கருவியைச் சோதிப்பதும் உரிமைதான். விற்பவர் பொருளை ஒப்படைக்கும்போது, வாங்குபவர் கேட்டால் அதைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே 1930 சட்டம் சொல்கிறது. விற்பனையாளர் தானே எடுத்து நாலு கார்டு வாசித்துக் காட்டுவது பரிசோதனை ஆகாது. தேர்ந்த கை எந்தக் கட்டையையும் பாடவைத்துவிடும். வாசிக்கத் தெரியாதவரும் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அமுக்கித் தட்டிப் பாருங்கள். இரைச்சலோ ஊமை ஒலியோ வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில், தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளவுகோல் வைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பி அகூஸ்டிக் கிட்டாரில் 2.5 மி.மீ. அளவில் இருந்தால் சரி, 3 மி.மீ.யைத் தாண்டினால் பழகும் விரல்களுக்குத் தண்டனை. கைபேசியில் இலவச ட்யூனர் செயலியைத் திறந்துவைத்து, கம்பியைத் திறந்த நிலையில் சுருதி சேர்த்து, பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அமுக்கித் தட்டுங்கள். ஒரு ஸ்தாயி மேலே அதே ஸ்வரம் நேராக நிற்க வேண்டும். இத்தனையும் சோதித்துவிட்டு, கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துவரும் ஒட்டிய பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். நீங்கள் சோதித்தது டிஸ்ப்ளே பீஸ். வீட்டுக்குப் போவது வேறு ஒன்று. பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அதையும் சோதித்து, அதன் சீரியல் எண்ணைத்தான் பில்லில் எழுத வேண்டும். நைலான் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டாரில் “இரும்புக் கம்பி மாட்டித் தர்றேன், சத்தம் நல்லா வரும்” என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். இரும்புக் கம்பியின் இழுவிசையை அந்த மரம் தாங்காது, பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

இனி அந்த இலவசங்கள். பை, ஸ்ட்ராப், கேப்போ, ட்யூனர், ஒரு பொட்டலம் பிக் என்று அடுக்கி ‘காம்போ’ என்கிறார்கள். விலைக்குள் முழுவதுமாகவோ பாதியோ அடங்கிவிட்ட பொருளை இலவசம் என்று காட்டுவதும், தருவதாகச் சொன்ன இலவசத்தைத் தராமல் விடுவதும் நேர்மையற்ற வணிகத்தின் பட்டியலில் வெளிப்படையாகவே உள்ளன. எனவே இலவசமும் பில்லில் ஏற வேண்டும்: ‘பிக் 12, விலை 0’ என்று. பிக் விஷயத்தில் விற்பனையாளர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அது தொலையும். சோபா இடுக்கில், சட்டைப் பையில், பாதி நேரம் கிட்டாரின் வயிற்றுக்குள்ளேயே தொலையும். (உள்ளே விழுந்த பிக்கை எடுக்கக் கம்பியைக் கழற்றிக் கூலி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், கவிழ்த்துக் குலுக்கினால் வந்துவிடும்.) ஆனால் தொலைவதைக் காரணம் காட்டி நூற்றுக்கணக்கான ரூபாய்க்குக் கூடுதல் சாமான் கட்டுவது எந்த ஊர் நியாயம்? பழகுபவருக்கு 0.60 முதல் 0.73 மி.மீ. வரை தடிமனுள்ள உதிரி பிக் நான்கைந்து போதும். தொலைந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ‘அசல் ஆமை ஓட்டு பிக்’ என்று யாராவது பெருமையாக நீட்டினால் தொடாதீர்கள். அது அழுங்காமையின் ஓடு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம், வைத்திருப்பதே குற்றம். காம்போ வாங்கினால்தான் கிட்டார் தருவேன் என்று ஒரு கடையோ, எங்களிடம் கிட்டார் வாங்கினால்தான் வகுப்பில் சேர்ப்போம் என்று ஓர் இசைப்பள்ளியோ நிபந்தனை போட்டால், அதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. இந்த இரண்டாவது வகைதான் அதிகம் நடக்கிறது. ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தில் பெற்றோர் வாய் திறப்பதில்லை.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாமல் மணிக்கணக்கில் வாசித்து, பெல்ட் பக்கிளால் பின்பலகையைக் கீறிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுக் கருவியைத் தொடுவது மரியாதை. மனம் மாறிவிட்டது, குழந்தைக்கு ஆர்வம் போய்விட்டது என்று இரண்டு வாரம் கழித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கும் சட்டம் துணை நிற்காது. கடை தானாக ஒரு வாக்குறுதி எழுதித் தந்திருந்தால் மட்டுமே அது செல்லும். குறையுள்ள பொருளின் கதை வேறு. பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது சட்டப்படி தவறு. சுவரில் தொங்கும் பலகை அதை மாற்றாது. ஆகவே வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுப் பசை இளகிய பிறகு கடைக்குப் போனால், தவறு யாருடையது என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

“ஆறாயிரம் ரூபாய்க்காகக் கோர்ட்டுக்கு அலைவதா?” என்பதுதான் எல்லோரும் எழுப்பும் தடை. அலையத் தேவையில்லை. முதலில் கடைக்கு ஒரு கடிதம். வாங்கிய தேதி, பில் எண், குறை, உங்கள் கோரிக்கை, 15 நாள் அவகாசம், இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடாச் சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேலுள்ள லேபிளைக் கிழித்துப் போடாதீர்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கும். அவருக்கும் ஒரு நகல் போக வேண்டும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்தோ இணையதளத்திலோ புகாரைப் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றது, லேபிளே இல்லாமல் விற்றது என்றால் அந்தப் புகார் போக வேண்டிய இடம் வேறு: தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பண்டிகைக் காலத்தில் துணிக்கடை, இனிப்புக் கடைகளில் சோதனை நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் அதிகாரிகள் இசைக்கருவிக் கடைப் பக்கம் தானாக வரப்போவதில்லை. முத்திரை விழுந்த மனு மேசையில் கிடந்தால்தான் அசைவார்கள்.

இவற்றில் எதற்கும் பதில் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கடை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் வாங்கிய கிட்டாருக்குத் திருநெல்வேலிக்காரர் தன் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். நேரிலும் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும் அனுப்பலாம். மனு, பிரமாணப் பத்திரம், பில், உத்தரவாத அட்டை, அனுப்பிய கடிதம், தபால் சான்று, குறையைக் காட்டும் படங்கள், எதிர்தரப்பினரின் எண்ணிக்கைக்கு ஏற்ற பிரதிகள் ஆகியவை வேண்டும். கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் ‘கழுத்து வளைந்திருக்கிறது, தயாரிப்புக் குறை’ என்பதுபோலத் தேதியோடு எழுதி வாங்கிச் சேர்த்தால் மனுவுக்குப் பலம் கூடும். வாட்ஸ்அப் உரையாடலைச் சேர்ப்பதானால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். கடையையும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரையும் எதிர்தரப்பாகக் காட்டுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்புவது குறையும். கச்சேரியோ வகுப்போ நடத்திச் சுயமாகப் பிழைக்கும் இசைக்கலைஞர், “நீ வணிக நோக்கில் வாங்கினாய், நுகர்வோர் இல்லை” என்ற வாதத்துக்குப் பயப்பட வேண்டாம். சுயதொழிலில் வாழ்க்கை நடத்த வாங்கியதை ‘வணிக நோக்கம்’ என்பதிலிருந்து சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. இதை மனுவில் ஒரு வரியாக எழுதியாக வேண்டும்.

ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது அப்படியில்லை. ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் இடங்களை நிரப்பாமல் அரசுகள் இழுத்தடித்ததால் 2021-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டிவந்தது. இதைச் சொல்லி மனுச் செய்யாமல் இருப்பது கடைக்காரருக்குச் செய்யும் உபகாரம். பல கடைகள் ஆணையத்தின் நோட்டீஸைப் பார்த்ததுமே சமரசத்துக்கு இறங்கிவருகின்றன. சமரச மையத்துக்கு அனுப்பும் வழியும் சட்டத்தில் இருக்கிறது.

இணையத்தில் வாங்கியவர்களுக்கு இரண்டு சொல். பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள். கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அங்கேயும் விற்றவரின் பெயர் போட்ட பில்லை இறக்கிச் சேமித்துவையுங்கள். நாளை அந்த விற்பனையாளர் தளத்திலேயே இல்லாமல் போகலாம்.

மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்ய வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். 1915-இல் புகார் நிலுவையில் இருப்பதாலோ, “அடுத்த வாரம் மாத்தித் தர்றோம்” என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருப்பதாலோ அந்தக் கெடு நிற்காது.